விவாகரத்துக்குப் பின் செவிலியப் பணி: ஒப்புக்கு ஒரு வேலையா, முன்னேறும் வாழ்க்கையா?

2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி ஜீவனாம்சம் கோரலாம் என்று நீதிபதிகள் கூறினர். அதையொட்டி நம் சமுதாயத்தில் நிறையப் பேசினோம். இது ஷரீஅத் சட்டத்தில் தலையீடு என்று ஒரு சாரார் கவலைப்பட்டனர். கைவிடப்பட்ட பெண்களுக்கு இது ஒரு பிடிமானம் என்று மறு சாரார் கூறினர். இரு சாராரும் பேசியது முன்னாள் கணவன் என்ன தர வேண்டும் என்பதைப் பற்றித்தான். இத்தா முடிந்து, கையில் ஒரு பிள்ளையோடு தாய்வீட்டில் இருக்கும் அந்தப் பெண் அடுத்த முப்பது ஆண்டுகளை எந்தத் தொழிலோடு கடக்கப் போகிறாள் என்பதை நாம் அதிகம் பேசவில்லை.

செவிலியம் படித்த நம் சகோதரிகளை முன்வைத்து அதைப் பேசுவோம். காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் பெண்பிள்ளைகள் செவிலியப் படிப்பில் சேர்வது இன்று புதுமையல்ல. ஆனால் அவர்களில் பலர் படிப்பு முடிந்த கையோடு திருமணமாகி, ஓரிரு ஆண்டுகளில் பணியை விட்டுவிடுகிறார்கள். மணவாழ்வு முறியும்போது அந்தப் படிப்பின் ஞாபகம் வீட்டாருக்கு வருகிறது. "படிச்ச படிப்பு இருக்கு, பக்கத்துல ஏதாவது கிளினிக்ல சேர்த்து விடுங்க, மறுமணம் ஆகும்வரை பொழுது போகும்" என்பதே பெரும்பாலும் குடும்பத்தின் முடிவாக இருக்கிறது. அந்த முடிவு ஒரு பெண்ணின் எதிர்காலத்தை எவ்வளவு சுருக்கிவிடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்தத் தொழிலின் விதிகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்க்கம் திறந்து வைத்திருக்கும் கதவு

முதலில் மார்க்கத்தின் பக்கத்தைப் பார்ப்போம். பல வீடுகளில் தடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. அவர்களின் தாயின் சகோதரி விவாகரத்துச் செய்யப்பட்டு இத்தாவில் இருந்தார். தமது தோட்டத்தின் பேரீச்சங்குலைகளைப் பறிக்க வெளியே சென்றபோது ஒருவர் அவரைக் கண்டித்தார். அவர் நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் அவரைத் தடுக்கவில்லை. சென்று பறிக்குமாறு கூறினார்கள். அதிலிருந்து அவர் தர்மம் செய்யலாம், அல்லது ஒரு நன்மை புரியலாம் என்றும் காரணம் சொன்னார்கள். இத்தா காலத்தில் எந்தத் தேவைக்கு, எந்த நேரத்தில் வெளியே செல்லலாம் என்ற விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். இத்தாவுக்குள்ளேயே தம் உடைமையைக் காக்க வெளியே செல்ல அந்தப் பெண்மணிக்கு அனுமதி கிடைத்தது என்றால், இத்தா முடிந்த பிறகு கண்ணியமான தொழிலுக்குச் செல்லும் பெண்ணைப் பழிப்பதற்கு நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

தொழிலைப் பற்றியும் சந்தேகம் வேண்டாம். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், மதீனாவின் பள்ளிவாசலில் அமைக்கப்பட்டிருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. ஏழு போர்ப் பயணங்களில் நபியவர்களுடன் சென்று, உணவு சமைத்ததையும் காயமுற்றோரைக் கவனித்ததையும் உம்மு அதிய்யா (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள். நோயாளியின் படுக்கையருகே நிற்பது நம் வரலாற்றில் ஸஹாபிப் பெண்கள் செய்த பணி.

அவள் சம்பாதிப்பதால் தந்தையின் கடமை நீங்காது

மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. "அவதான் சம்பாதிக்கிறாளே, இனி அந்தாளுகிட்ட எதுக்குப் போய் நிக்கணும்?" என்று பிள்ளைக்கான செலவைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். மானம் கருதி எடுக்கும் முடிவுதான். ஆனால் அதன் பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் மேற்படிப்புக்குச் சேர்க்க வேண்டிய பணம் பள்ளிக் கட்டணத்துக்கும் பால் செலவுக்கும் போய்விடுகிறது.

திருக்குர்ஆனின் 65-வது அத்தியாயமான அத்தலாக்கின் 6-வது வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். விவாகரத்தான தாய் தன் சொந்தக் குழந்தைக்குப் பாலூட்டினாலும் அதற்குரிய ஊதியத்தைத் தந்தை தர வேண்டும் என்கிறது அது. பெற்ற தாய் பாலூட்டுவதற்கே தந்தை செலவழிக்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் யார் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்பதை 4:32 வசனம் தெளிவாக்குகிறது. அதில் முன்னாள் கணவனுக்கு மட்டுமல்ல, வாப்பாவுக்கும் காக்காவுக்கும்கூட அவள் மனமுவந்து கொடுக்காதவரை உரிமையில்லை.

நாட்டின் சட்டமும் இதில் நமக்குத் துணையாகவே இருக்கிறது. முஸ்லிம் தந்தை தன் மைனர் பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை முழுமையானது, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குறைத்துவிடவில்லை என்று நூர் சபா காத்தூன் வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே 1986 சட்டத்தின்படி பெண்ணுக்குச் சேர வேண்டியவை மஹர், திருமணத்தின்போது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொருட்கள், நியாயமான வாழ்வாதார ஏற்பாடு ஆகியவை. அந்த ஏற்பாடு இத்தா காலத்துக்கு மட்டுமான சிறு தொகையல்ல, அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் விளக்கம் தரப்பட்டது. சமரசப் பேச்சுக்கு உட்காரும் ஜமாஅத் நிர்வாகிகள் இந்த மூன்றையும் கணக்கிட்டுப் பேச வேண்டும். வாங்கித் தரும் தொகையில் ஒரு பகுதி அவளுடைய படிப்புக்கு என்று ஒதுக்கப்படுமானால், அது நகையாகக் கிடப்பதைவிடப் பயன் தரும்.

இடைவெளி எங்கே இழப்பாகிறது?

செவிலியத் தொழிலில் விடுபட்ட ஆண்டுகளைத் திரும்பப் பெறுவது கடினம். நான்கு இடங்களில் அந்த இழப்பு தெரியும்.

முதலாவது, பதிவு. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவரே சட்டப்படி செவிலியர். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். திருமணமாகி ஏழெட்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வேலை தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதுப்பிப்பது. 2023-ல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறியுள்ளது. பழைய இந்திய நர்சிங் கவுன்சிலின் இடத்தில் புதிய ஆணையம் அமையும்போது நடைமுறைகள் மாறக்கூடும். பதிவைச் சரியாக வைத்திருப்பவர்களுக்கு மாற்றங்களால் சிரமம் குறைவு.

இரண்டாவது, சான்றிதழ்கள். வீட்டைவிட்டு வெளியேறும்போது பல பெண்கள் உடுத்திய உடையோடு வந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பதிவுச் சான்று வரை எல்லாம் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெறுவதே முதல் சமரசக் கூட்டத்தின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவளுக்குரிய உடைமைகளைத் திருப்பித் தருமாறு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. உண்மையிலேயே தொலைந்துபோயிருந்தால் நகல் சான்றுகளுக்குத் தாமதமின்றி விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, அனுபவம். இங்கேதான் "பக்கத்துல ஏதாவது ஒரு கிளினிக்" என்ற யோசனை தவறாகிப் போகிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை எழுத, ஜிஎன்எம் டிப்ளமோ படித்தவருக்கு குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். ஐந்து படுக்கைக் கிளினிக்கில் பத்து ஆண்டு உழைத்தாலும் அது அங்கே செல்லாது. வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்புகளும் பொதுவாக ஓரளவு பெரிய மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பணியைக் கேட்கின்றன. வீட்டுக்கு அருகே நான்காயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் வேலையா, பேருந்தில் ஒரு மணி நேரம் செல்ல வேண்டிய பெரிய மருத்துவமனையா என்று தேர்வு வந்தால், சம்பளத்தை மட்டும் பார்க்காமல் அந்த அனுபவச் சான்று எங்கே செல்லுபடியாகும் என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, வயது. நார்செட் தேர்வுக்கு உச்ச வயது 30. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு சலுகை உண்டு. இருபத்தெட்டு வயதில் விவாகரத்தான ஒரு பெண்ணிடம் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லும் குடும்பம், அவளுக்கு இருக்கும் ஐந்து ஆண்டுகளில் இரண்டைத் தெரியாமலேயே செலவழித்துவிடுகிறது.

இதோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. "நர்சிங் படித்தவர்" என்று நாம் சொல்லும் எல்லோரும் குழுமத்தில் பதிவு செய்யத்தக்க படிப்பை முடித்தவர்கள் அல்லர். ஆறு மாதம், ஓராண்டு என்று தனியார் பயிற்சி மையங்கள் தரும் சான்றிதழை வைத்துக்கொண்டு வார்டில் உதவியாளராக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் செவிலியர் என்ற தகுதி வராது. அத்தகைய சகோதரிகளுக்கும் கதவு மூடிவிடவில்லை. அங்கீகாரம் பெற்ற ஏஎன்எம் படிப்பு இரண்டு ஆண்டு, ஜிஎன்எம் மூன்று ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் 35 வயதுக்குள் சேரலாம். விவாகரத்துக்குப் பின் மீண்டும் மாணவியாக வகுப்பில் உட்காருவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மேலே செல்லும் படிகள்

ஜிஎன்எம் முடித்தவருக்கு முதல் படி, இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். அது முடிந்தால் அவர் பட்டதாரி. அதன்பின் எம்.எஸ்சி., கல்லூரி ஆசிரியப் பணி, மருத்துவமனை நிர்வாகப் பொறுப்பு எல்லாம் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, மருத்துவமனைத் தர மேலாண்மை போன்றவற்றில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. கல்லூரிப் பணியும் தொற்றுத் தடுப்புப் பணியும் பெரும்பாலும் பகல் நேரத்தவை என்பதால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்குப் பொருத்தமானவை.

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்த இடங்களுக்குப் போட்டியிட வேண்டியவர்கள் நாம்தான். மாநிலத் தேர்வில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு வயது வரம்பு மிகவும் தளர்வானது. முப்பதைத் தாண்டிவிட்டோமே என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வாரியத்தின் வழியே 2015-ல் தேர்வான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் பணியைத் தொடங்கினார்கள். பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தப் பாதை. அதே நேரத்தில் எய்ம்ஸில் செவிலிய அலுவலருக்கு அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் அவ்வப்போது அறிவிக்கும் ஒப்பந்தப் பணியிடங்களும் உண்டு. துணை சுகாதார நிலையங்களில் அமையும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணி அவற்றில் ஒன்று. ஊதியம் குறைவுதான். பகல் பணி, சொந்த மாவட்டம் என்ற இரண்டு வசதிகள் அதில் உண்டு.

மத்திய அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது பல சகோதரிகள் ஒரு தவறான எண்ணத்தால் பின்வாங்குகிறார்கள். முன்னாள் கணவர் வசதியானவர், அதனால் ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்று கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அந்தச் சான்றுக்குப் பார்க்கப்படுவது பெற்றோரின் நிலை. கணவரின் வருமானமோ அவளுடைய சொந்தச் சம்பளமோ கணக்கில் வராது. மரைக்காயர், ராவுத்தர் உள்ளிட்ட லப்பை சமூகத்தார் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் "திருமணமானவர்" என்று போட்டதால் எந்த உரிமையும் போய்விடாது.

தனியார் மருத்துவமனைகளின் நிலை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசு ஊதியத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. விவாகரத்தான பெண் "எவ்வளவு கொடுத்தாலும் வருவாள்" என்று எடைபோடும் நிர்வாகங்களும் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களில் சேராமல் இருப்பதே நல்லது. நம் சமுதாயத்தவர் நடத்தும் மருத்துவமனைகளும் இந்த அளவுகோலுக்கு விலக்கல்ல. ஜகாத்தை அள்ளிக் கொடுக்கும் ஒரு முதலாளி தன் வார்டுச் செவிலியருக்கு நியாயமான கூலி தராவிட்டால், அது பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு.

வெளிநாடு: ஆசைக்கு முன் ஆவணம்

வளைகுடாவோடு நம் சமுதாயத்துக்கு நீண்ட தொடர்பு உண்டு. காக்காவோ மச்சானோ அங்கிருந்து "இங்க வந்துரு, பார்த்துக்கலாம்" என்று அழைப்பதும் இயல்பு. ஆனால் செவிலியருக்கான விதி வேறு. 2015 முதல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் இந்தியச் செவிலியர்கள் அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியே செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணியைச் செய்வது 1978-ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு மனிதவள நிறுவனம். ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் கேட்டு, வீட்டை அடகு வைக்கச் செய்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பதிவு பெற்ற முகவரே ஆனாலும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடலாம் என்ற யோசனையை ஏற்கவே கூடாது.

பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு மொழித் தேர்வு முக்கியம். பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை. இவற்றுக்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேல் வரை படிக்க வேண்டியிருக்கும். வேலையை விட்டுவிட்டுப் படிப்பதைவிட, பெரிய மருத்துவமனையில் பணியில் இருந்துகொண்டே படிப்பதால் இரண்டு ஆண்டு அனுபவமும் மொழியும் ஒரே நேரத்தில் கைகூடும்.

விவாகரத்தான பெண்ணுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கல்விச் சான்றுகளில் தந்தையின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு வடிவம் என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பின்போது விண்ணப்பம் நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க விவாகரத்துக்கான சட்டப்படியான ஆவணம் தேவைப்படும். இங்குதான் நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் மட்டும் சட்டப்படி செல்லாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது. ஒரே அமர்வில் சொல்லப்படும் முத்தலாக் 2019 சட்டப்படி விவாகரத்தே ஆகாது. பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அனுப்பி வைக்கப்பட்ட பெண், மூன்று ஆண்டு கழித்து பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்கும்போதுதான் முடியவில்லை என்று அறிகிறாள். மார்க்க முறைப்படி பிரிவு நடந்ததும் அதை நீதிமன்றத்தின் வழியே உறுதிப்படுத்திக்கொள்ளவும் ஜமாஅத் வழிகாட்ட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தெளிவுபடுத்தியது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும் சகோதரிகளுக்கு இது பெரிய நிம்மதி. பிள்ளையை உடன் அழைத்துச் செல்வது வேறு விஷயம். பிள்ளையின் பொறுப்பு யாரிடம் என்பதைக் காட்டும் நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தால்தான் விசா வேலைகள் தடையின்றி நடக்கும். வழக்கின்போதே அதைக் கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.

இரவுப் பணியும் பிள்ளையும்

இந்தத் தொழிலில் உயர நினைப்பவர் இரவுப் பணியைத் தவிர்க்க முடியாது. நம் குடும்பங்கள் தயங்கும் இடமும் இதுதான். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் ஒருபுறம். பிள்ளை யாரிடம் தூங்கும் என்ற உண்மையான கேள்வி மறுபுறம்.

ஊர் வாயை மூட முடியாது. ஆனால் மகளை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவிட்டு, காலையில் அழைத்து வரும் தந்தையையோ தம்பியையோ பார்க்கும் ஊர், விரைவில் பேச்சை நிறுத்திவிடும். பிள்ளையைப் பொறுத்தவரை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவு பாட்டியிடம் தூங்கப் பழகுவது பெரிய சுமையல்ல. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்ற விதியை 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பெரும்பாலான பெரிய மருத்துவமனைகள் இந்த வரையறைக்குள் வரும். வேலையில் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. வெளியூரில் பணி கிடைத்தால், தமிழ்நாடு அரசின் 'தோழி' மகளிர் விடுதிகளையும் விசாரிக்கலாம்.

ஹிஜாப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. சில மருத்துவமனைகள் சீருடையோடு தலைத்துணியை ஏற்கின்றன, சில மறுக்கின்றன. நேர்காணலிலேயே கண்ணியமாகக் கேட்டுத் தெளிவு பெற்றால் பிற்பாடு மனவருத்தம் வராது.

மறுமணம் தடையாக வேண்டாம்

மறுமணத்தை நாம் ஊக்குவிக்கிறோம். அது நபிவழி. ஆனால் மறுமணம் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைப்பதும், "வேலையை விட்டால்தான் சம்மதம்" என்று வரும் முதல் வரனுக்குத் தலையசைப்பதும் அறிவுடைமை அல்ல.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் வரலாறு முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. அவர் விவாகரத்தாகி இத்தாவை முடித்தபோது இருவர் பெண் கேட்டிருந்தனர். நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார். ஒருவர் வசதியற்றவர், மற்றவர் மனைவியரிடம் கடுமை காட்டுபவர் என்று நபியவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கப் பரிந்துரைத்தார்கள். முதலில் தயங்கிய அந்தப் பெண்மணி பின்னர் அந்த மணவாழ்வில் நன்மை கண்டதாகக் கூறினார். வரனின் குறையை மறைத்து "எப்படியாவது கரையேற்றிவிடுவோம்" என்று நினைக்கும் உறவினர்களுக்கு இதில் பாடம் உண்டு. பணியைத் தொடர்வதையும் மேற்படிப்பையும் நிகாஹ் பேச்சின்போதே நிபந்தனையாக முன்வைக்கலாம். அதை மதிக்கும் வரன் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. கையில் தொழில் உள்ள பெண் அவசரத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கமாட்டாள் என்பதே இந்தத் தொழில் அவளுக்குத் தரும் பெரிய பாதுகாப்பு.

ஜமாஅத்துகளும் நாமும்

தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இயங்குகின்றன. ஆதரவற்ற, விதவையான, விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கு உதவுவதே அவற்றின் நோக்கம். நாம் திரட்டிக் கொடுக்கும் நன்கொடைக்கு அரசும் தன் பங்காக மானியம் சேர்க்கிறது. ஆனால் அங்கிருந்து பெரும்பாலும் தையல் இயந்திரமும் சிறுதொழில் உதவியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு செவிலியரின் போஸ்ட் பேசிக் படிப்புக்கோ மொழித் தேர்வுக் கட்டணத்துக்கோ விண்ணப்பம் போனதுண்டா என்று ஒவ்வொரு மஹல்லாவும் கேட்டுப் பார்க்கட்டும். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ கல்விக் கடனும் தருகிறது.

ஊர் பைத்துல்மாலிலிருந்து தகுதியுள்ள ஒரு சகோதரிக்கு ரமளானில் ஒரு மூட்டை அரிசியும் புடவையும் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவளுடைய இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணத்தைச் செலுத்தினால், மூன்றாவது ஆண்டில் அவள் ஜகாத் வாங்கும் பட்டியலில் இருக்கமாட்டாள். அல்லாஹ் நாடினால், கொடுப்பவர்களின் பட்டியலில் இருப்பாள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டுக்குள் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. விவாகரத்தானவர்களும் கைவிடப்பட்டவர்களும் அதில் சேரமாட்டார்கள். மத்திய அரசோ தன் குரூப் சி பணிகளில் விதவைகளோடு விவாகரத்தான பெண்களுக்கும் வயதுச் சலுகை தருகிறது. மாநிலமும் அவர்களைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையை நம் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் எழுப்பலாம். இதனால் பயன்பெறுவோர் எல்லாச் சமூகங்களிலும் இருப்பார்கள்.

பெண் ஒருத்தி விவாகரத்தாகித் தாய்வீடு திரும்பிய முதல் ஆண்டில் குடும்பம் எடுக்கும் முடிவுகளே அவளுடைய அடுத்த முப்பது ஆண்டுகளை வடிவமைக்கின்றன. பதிவைப் புதுப்பிப்பது, சான்றிதழ்களை மீட்பது, அனுபவம் செல்லுபடியாகும் இடத்தில் சேர்வது, பிள்ளைக்கான உரிமையை விடாமல் கேட்பது ஆகிய நான்கையும் அந்த ஓராண்டுக்குள் செய்துவிட முடியும். அதற்கு அவளுக்குத் தேவைப்படுவது, நம்பி உடன் நிற்கும் ஒரு வீடும் வழிகாட்டும் ஒரு ஜமாஅத்தும்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் சிரமங்களை அல்லாஹ் இலேசாக்குவானாக. அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. அவர்கள் கண்ணியத்தோடு நிமிர்ந்து நிற்க நம்மைக் காரணமாக ஆக்குவானாக. ஆமீன்.